பால் குடிக்கும்போதே வியர்க்கிறதா?

நாலு மிடறு பால் குடித்ததும் நிறுத்தி மூச்சு வாங்குகிறதா பிள்ளை? மின்விசிறிக்கு அடியிலும் நெற்றி நனைகிறதா? எடை ஏறவில்லை, சளியும் விட்டபாடில்லை என்றால், சளி மருந்தோடு நிறுத்தாமல் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறக்கும் 1,000 குழந்தைகளில் 8 அல்லது 9 பேருக்கு இதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கும். சிறு ஓட்டைகள் பல தானாகவே மூடிவிடும். பெரிய ஓட்டை அப்படியல்ல. நுரையீரலுக்கு ரத்தம் அளவுக்கு மீறிப் பாய்ந்து, அங்குள்ள ரத்தக் குழாய்கள் நாளடைவில் தடித்துவிடும். அந்தக் கட்டத்துக்குப் போனபின் எவ்வளவு பெரிய மருத்துவமனையிலும் ஓட்டையை அடைக்கத் தயங்குவார்கள். அடைப்பதே உயிருக்கு ஆபத்து. ‘கொஞ்சம் வளரட்டும்’, ‘வாப்பா லீவில் வரட்டும்’ என்று தள்ளிப்போடும் பேச்சு எனக்குப் பயம் தருவது அதனால்தான். வாப்பா துபாயில் இருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைப் போனில் அனுப்புங்கள். முடிவு அன்றைக்கே எடுக்கலாம்.

சில இதயக் குறைகளில் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம் பாயும். நம் பிள்ளைகளின் நிறத்தில் அது சட்டென்று தெரியாது. அழும்போது நாக்கைப் பாருங்கள். பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்க்கலாம். ஊசியில்லை, வலியில்லை. ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால் எக்கோ தேவை. டிஸ்சார்ஜுக்கு முன் இதைக் கேட்டு வாங்குங்கள்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வரவேண்டும். தனியார் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள் இதில் விடுபட்டுப் போகிறார்கள். இது பெரிய குறை. குழு வரும்வரை காத்திராமல், தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே கூட்டிப்போகலாம்.

அறுவை சிகிச்சைக்குத்தான் அலைச்சல். குழந்தை இதய அறுவை நிபுணர்கள் பெருநகரங்களில்தான் கூடியிருக்கிறார்கள். நம் காயல்பட்டினத்தில் ரயிலேறினால் செந்தூர் எக்ஸ்பிரஸ் மறுநாள் காலையில் சென்னை எழும்பூரில் இறக்கிவிடும். அரசு குழந்தைகள் நல மருத்துவமனை அங்கேயே இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிலையம் இன்னும் பக்கம். தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். காப்பீட்டு கார்டு இல்லையென்றால் ரேஷன் கார்டு, வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் பதியுங்கள். கார்டு இருந்தும் பணம் கேட்டால் 1800 425 3993க்குப் புகார் சொல்லுங்கள். அவசர நிலையில் அரசு மருத்துவமனை சிகிச்சை மறுப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. சிகிச்சை ஆவணங்களின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். அடுத்த ஊர் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

பிள்ளையின் குறைக்கு உம்மாவைப் பழி சொல்லாதீர்கள். பல நேரம் காரணமே பிடிபடுவதில்லை. நெருங்கிய சொந்தத்தில் திருமணம், கர்ப்பத்தில் ருபெல்லா, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். முதல் பிள்ளைக்குக் குறை இருந்தால், அடுத்த கர்ப்பத்தில் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கு எக்கோ எடுங்கள். பெரிய குறை தெரிந்தால், அறுவை வசதியுள்ள ஊரிலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.