உங்களுக்குத் தெரியுமா? பள்ளம் தாண்டிய பாசம்

கொரோனா பரவியதால் 2020 மார்ச்சில் கனடா வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்தியது. ஜூன் 8 முதல் கனடா குடிமக்கள், நிரந்தரவாசிகளின் வாழ்க்கைத்துணை, பெற்றோர், அவர்களைச் சார்ந்து வாழும் பிள்ளைகள் ஆகியோருக்கு வழி திறந்தது. அதற்கும் 15 நாளாவது தங்கியாக வேண்டியிருந்தது. முதல் 14 நாள் வீட்டுக்குள்ளேயே தனிமை. தனிமையை மீறினால் 7,50,000 கனடா டாலர் வரை அபராதம்!

கூடப் பிறந்தவர்களும் தாத்தா பாட்டியும்? அக்டோபர் 8 வரை காத்திருந்தார்கள். பெற்ற மகனே ஆனாலும் வளர்ந்துவிட்டால் அதே கதிதான். அதே நாளில் காதலர்களுக்கும் அனுமதி வந்தது. ஓராண்டாவது உறவில் இருந்ததாக உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டியிருந்தது.

அதுவரை பலருக்குக் கைகொடுத்தது ஒரு புல்வெளி. வாஷிங்டன் மாநிலமும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் தொடும் எல்லையில், 1921-ல் எழுப்பிய பீஸ் ஆர்ச் வளைவைச் சுற்றியுள்ள பூங்கா அது. கனடா பக்கம் ஜூனில் மூடப்பட்டது. அமெரிக்கப் பக்கம் திறந்தே இருந்தது. கனடாவில் இருந்தவர்கள் சாலையோரப் பள்ளத்தைத் தாண்டி அங்கே போனார்கள். சின்னக் கூடாரம் போட்டு, அமெரிக்காவிலிருந்து வந்த சொந்தங்களோடு சாயங்காலம் வரை உட்கார்ந்து பேசினார்கள். சிலர் அந்தப் புல்லிலேயே திருமணமும் செய்துகொண்டார்கள். பிறகு அவரவர் நாட்டுக்குத் திரும்பி நடந்தார்கள்.