ரத்தக் காட்டேரியின் இரண்டு அவதாரங்கள்

ரத்தக் காட்டேரிக் கதை என்றாலே முகத்தைத் திருப்பிக் கொள்ளும் வாசகியா நீங்கள்? ஜப்பானியச் சித்திரக்காரர் கோட்டா ஹிரானோவின் 'ஹெல்ஸிங்' கதையில் வரும் செராஸை மட்டும் சற்றே பாருங்கள். இங்கிலாந்தில் போலீஸ் வேலை பார்த்த பெண். சாகும் தறுவாயில் இருந்தவளை அலுகார்ட் என்ற காட்டேரி தன் இனமாக்கி விடுகிறான். (டிராகுலாவின் ஆங்கில எழுத்துக்களைத் திருப்பிப் போட்டால் அவன் பெயர்!) பாவம், செராஸுக்கோ ரத்தம் குடிக்க மனம் வரவில்லை!

2001-ல் இக்கதை 13 வாரத் தொடராக டெலிவிஷனில் வந்தபோது மூலக்கதை பாதியில்தான் இருந்தது. ஆகவே புதிதாக ஒரு வில்லனைக் கற்பித்துக் கதையை முடித்து விட்டார்கள்.

பிறகு 2006 முதல் 2012 வரை, மூலத்தை ஒட்டியே 10 பாகங்களாக மறுபடி எடுத்தார்கள். அப்பப்பா! லண்டன் நகரமே பற்றி எரிகிறது. ரத்தம் ஆறாக ஓடுகிறது. குழந்தைகள் கண்ணில் படவே கூடாது.

ஆனால், பழைய தொடரில் இடமே பெறாத பெர்னடாட் என்ற வீரன் இதில் வருகிறான். செராஸைக் காக்கப் போய் உயிர் விடும் அவன், தன் ரத்தத்தையே குடிக்கச் சொல்லுகிறான். அவள் கண்ணீரோடு குடிக்கிறாள். அத்தனை நாள் அருவருத்த ரத்தம், அந்த நிமிஷத்தில் அன்பின் காணிக்கையாகி விடுகிறது.

பழையது பயமுறுத்துகிறது, புதியது பயமுறுத்தி விட்டு அழவும் வைக்கிறது!