ஏழு கல் ஆடிய யந்திரங்கள்!

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஏழு கல் ஆட்டம் தெரியாத பிள்ளை உண்டா? ஓட்டாஞ்சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஒரு கட்சி பந்தை எறிந்து அடுக்கைக் கலைக்கும். மீண்டும் அடுக்கப் பார்க்கும். மறு கட்சி பந்தால் அடித்துத் தடுக்கும்.

இந்த ஆட்டத்தை யந்திரங்கள் ஆடினால் எப்படி இருக்கும்? ஆடியே காட்டிவிட்டன!

டெல்லியில் நடந்தது

ஆசிய-பசிபிக் ஒலிபரப்புச் சங்கத்தின் ஆதரவில், கல்லூரி மாணவர்களுக்கான "ரோபோகான்" போட்டி 2002-ல் டோக்கியோவில் தொடங்கியது. 2008-லும் 2014-லும் புனேயில் நடைபெற்றது. 2022 ஆகஸ்டில் புதுடெல்லியில் கூடியபோது, இந்தியா கொடுத்த விளையாட்டு "லகோரி". அதாவது, நம் ஏழு கல்!

ஒவ்வொரு கட்சிக்கும் இரண்டு யந்திரங்கள். சில்லுகளுக்குப் பதில் ஐந்து வட்டத் துண்டுகள். அடுக்கும் யந்திரத்தின் தலையில் ஒரு பந்து உட்கார்ந்திருக்கும். எதிர்க்கட்சி யந்திரம் பந்தெறிந்து அந்தத் தலைப்பந்தைத் தட்டிவிட வேண்டும்.

யோசனையைப் பாருங்கள்! கிராமத்தில் பந்து முதுகில் படும். பையன் தடவிக்கொண்டே சிரிப்பான். யந்திரத்தில் அடி விழுந்தால் கம்பி அறுந்துபோகும். பல மாத உழைப்பு ஒரு நொடியில் வீண்! ஆகவே, அடிப்பதற்கென்று ஓர் இடத்தைக் குறித்துவிட்டார்கள். தடுக்கலாம், உடைக்கக் கூடாது. வேண்டுமென்றே எதிரியின் யந்திரத்தைச் சேதப்படுத்தினால், கோஷ்டியே நீக்கப்படும்.

மடக்கலாமா?

அமெரிக்காவில் 1992 முதல் நடக்கும் "ஃபர்ஸ்ட்" போட்டியில் யந்திரங்கள் வழிமறிக்கும், மோதும். ஆனால், எதிரியை மூலையில் மடக்கினால் சில விநாடிகளில் விலகிவிட வேண்டும். கவிழ்க்கப் பார்த்தால் தண்டனை உண்டு.

புள்ளி எடுக்க முடியாத யந்திரம், எடுக்கிற யந்திரத்தைக் கெடுப்பது நியாயமா என்று கேட்கலாம். கபடியில் பாடி வருகிறவன் மட்டுமா ஆட்டக்காரன்? பிடிக்கிறவனும் ஆட்டக்காரன்தானே! வலிமை குறைந்த கோஷ்டிக்கும் தற்காப்பு ஒரு வழியைத் திறக்கிறது. எதிரியின் பாதையைக் கவனித்து, அவன் வருமுன் அங்கே நிற்பதற்கும் மூளை வேண்டும்.

கெட்டிக்காரத்தனத்துக்கும் அக்கிரமத்துக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. அலங்காநல்லூர் வாடிவாசலில் கேட்டால் அதைச் சொல்லிவிடுவார்கள். காளையின் திமிலைத் தழுவலாம். கொம்பையோ வாலையோ பிடித்தால் ஆட்டத்துக்கு வெளியே!

மாட்டுக்கு உள்ள நியாயம் யந்திரத்துக்கும் வேண்டும் அல்லவா?