வார்த்தைக்கு ஒரு சென்ட்!

ஒரு குட்டி டெஸ்ட். நீங்க ஒரு கதை எழுதுறீங்க. வார்த்தையை எண்ணி எண்ணிக் காசு தர்றாங்க. என்ன செய்வீங்க? 'அவன் வந்தான்' என்று ரெண்டே வார்த்தையில் முடிய வேண்டியதை, 'அந்தி மயங்கும் நேரத்தில், ஆடி அசைந்து, அங்குமிங்கும் பார்த்தபடி அவன் மெள்ள வந்து சேர்ந்தான்' என்று ஜவ்வாக இழுப்பீங்கதானே? பத்து மார்க் கேள்விக்கு நாலு பக்கம் ரொப்புகிற நமக்கு இதைச் சொல்லியா கொடுக்கணும்!

அமெரிக்காவில் 1920, 30-களில் நிஜமாகவே இப்படிக் கூலி கொடுத்தார்கள். வார்த்தைக்கு ஒரு சென்ட். கையில் காசில்லாத பலர் அதை நம்பித்தான் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். ஆனால் ஆச்சர்யத்தைப் பாருங்க... அங்கிருந்து கிளம்பி உலகப் புகழ் பெற்ற ரெண்டு பேர், வார்த்தையை வீணாக்காமல் எழுதியதற்காகவே இன்றைக்கும் கொண்டாடப்படுகிறார்கள்!

மட்டமான காகிதம், மசாலா அட்டை

மரக்கூழுக்கு ஆங்கிலத்தில் 'பல்ப்' என்று பெயர். அதில் செய்த மலிவான காகிதத்தில் அச்சான கதைப் பத்திரிகைகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஓரம்கூட ஒழுங்காக வெட்டப்படாத பக்கங்கள். அட்டையில் மட்டும் கலர் கலராகத் துப்பாக்கியும் அலறும் பெண்ணும். பத்துப் பதினைந்து சென்ட் கொடுத்தால் ஒரு ராத்திரிக்குக் கதை ரெடி.

இதில் துப்பறியும் கதைகளின் கோட்டை, 'பிளாக் மாஸ்க்'. 1920-ல் ஹெச்.எல்.மென்கென், ஜார்ஜ் ஜீன் நாதன் என்ற ரெண்டு பேர் ஆரம்பித்தது. இலக்கிய சேவைக்காகவா? ஊஹூம்! அவர்கள் நடத்திய 'ஸ்மார்ட் செட்' என்ற இலக்கியப் பத்திரிகை பணத்துக்குத் திணறிக்கொண்டிருந்தது. அதற்குச் சோறு போட ஒரு வசூல் பத்திரிகை தேவைப்பட்டது. அவ்வளவுதான். சில மாதங்களிலேயே நல்ல லாபத்துக்கு விற்றுவிட்டுக் கை கழுவிவிட்டார்கள்.

நிஜ துப்பறிவாளர்!

டாஷியல் ஹாமெட், 1894-ல் பிறந்தவர். பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே ஸ்கூலுக்கு டாட்டா. கிடைத்த வேலையெல்லாம் பார்த்துவிட்டு, 1915-ல் 'பிங்கர்ட்டன்' என்ற துப்பறியும் கம்பெனியில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் ராணுவத்துக்குப் போனவரை காசநோய் பிடித்துக்கொண்டது. ஆளைப் பின்தொடர்ந்து ஊர் சுற்றும் வேலைக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. மனைவி, குழந்தை என்று குடும்பம் வேறு. சான் ஃபிரான்சிஸ்கோவில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

அதுவரை துப்பறியும் கதை என்றால் பெரும்பாலும் பங்களாவில் கொலை, புத்திசாலி துப்பறிவாளர், கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஹாலில் கூட்டிவைத்து விளக்கம். ஹாமெட் நிஜத் திருடர்களையும் நிஜ போலீஸையும் பார்த்தவர். அவருடைய முக்கிய ஹீரோ, பெயரே சொல்லப்படாத குண்டான, நடுத்தர வயது ஆள். ஒரு துப்பறியும் கம்பெனியின் சம்பளக்காரர்!

1926-ல் ஜோசப் ஷா 'பிளாக் மாஸ்க்' ஆசிரியரானார். ஹாமெட் எழுத்துதான் நம்ம பத்திரிகையின் பாணி என்று முடிவு கட்டினார். 1929-ல் 'தி மால்டீஸ் ஃபால்கன்' தொடர்கதையாக வர ஆரம்பித்தது.

அதில் ஒரு காட்சி. நள்ளிரவு, இருட்டு அறை, போன் அடிக்கிறது. கூட்டாளி சுட்டுக் கொல்லப்பட்டான் என்று தகவல். துப்பறிவாளர் ஸாம் ஸ்பேட் என்ன செய்கிறார்? அழவில்லை, கத்தவில்லை. படுக்கையில் உட்கார்ந்து, தாளில் புகையிலையைப் பரப்பி, நிதானமாக ஒரு சிகரெட் சுருட்டுகிறார். விரல்கள் என்ன செய்தன என்று மட்டும் எழுதுகிறார் ஹாமெட். மனசுக்குள் என்ன ஓடியது? மூச்! நாவல் முழுக்கவே யார் மனசுக்குள்ளும் அவர் நம்மை அழைத்துப் போவதில்லை. பார்த்ததும் கேட்டதும் மட்டும்தான். ஸ்பேட் நல்லவனா, கெட்டவனா என்று கடைசிப் பக்கம் வரை நாமேதான் துப்பறிய வேண்டும்!

வேலை போனது, கதை வந்தது

அடுத்தவர் ரேமண்ட் சாண்ட்லர். லாஸ் ஏஞ்சல்ஸில் எண்ணெய் கம்பெனி ஒன்றில் பெரிய அதிகாரி. குடி முற்றியது, ஆபீஸுக்கு மட்டம் போடுவது வழக்கமானது. 1932-ல் வேலை காலி. அப்போது வயது 44. வெளியே நாடு முழுக்கப் பொருளாதார மந்தம்.

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பல்ப் பத்திரிகைகளைப் பாடப் புத்தகம் மாதிரி படித்தார். எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் கதை ஒன்றை எடுத்துச் சுருக்கம் எழுதிக்கொள்வார். அப்புறம் அந்தச் சுருக்கத்தை வைத்துத் தானே முழுக் கதையாக எழுதுவார். ஒரிஜினலோடு ஒப்பிட்டு, எங்கே கோட்டை விட்டோம் என்று பார்ப்பார். மறுபடி எழுதுவார். முதல் கதைக்கு எடுத்துக்கொண்டது ஐந்து மாதம். 1933 டிசம்பரில் 'பிளாக் மாஸ்க்'கில் வந்தது. சன்மானம் 180 டாலர். ஐந்து மாத உழைப்புக்கு அவ்வளவுதான்!

கார்ட்னரோ நேர் எதிர். பகலில் வக்கீல், ராத்திரியில் எழுத்து மெஷின். 'உங்க ஹீரோ ஏன் எப்பவும் கடைசித் தோட்டாவில்தான் வில்லனைச் சுடுகிறான்?' என்று கேட்டதற்கு, 'ஒவ்வொரு டுமீலுக்கும் மூணு சென்ட் வருதே, துப்பாக்கியில் மிச்சம் இருக்கும்போது சண்டையை முடிப்பேனா?' என்கிற மாதிரி பதில் சொன்னாராம். பிழைக்கத் தெரிந்தவர்! பின்னாளில் பெர்ரி மேஸன் கதைகளாக எழுதிக் குவித்துப் பெரும் பணக்காரரும் ஆனார்.

சாண்ட்லருக்கு அந்த வேகம் வரவே இல்லை. மெதுவாகத்தான் எழுதினார். பழைய பல்ப் கதைகளையே பிரித்து, கோத்து, திரும்ப எழுதி 1939-ல் 'தி பிக் ஸ்லீப்' நாவலைக் கொண்டுவந்தார். முதல் நாவல் வந்தபோது வயது ஐம்பது. அரியர்ஸுக்கே நொந்து போகிறவர்கள் இந்த நம்பரைக் கொஞ்சம் குறித்து வைத்துக்கொள்ளுங்க.

எல்லாமே தங்கமா?

இல்லவே இல்லை. பல்ப் கதைகளில் பெரும்பாலானவை படித்ததும் கிழித்துப் போடுகிற ரகம்தான். பெண் என்றால் ஏமாற்றுக்காரி, இல்லாவிட்டால் காப்பாற்றப்பட வேண்டியவள். வேற்று இனத்தவரைக் கேவலப்படுத்தும் வரிகளுக்கும் பஞ்சமில்லை. நல்ல கதைகளிலும் அந்தக் கறை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குப்பைக்கு நடுவில்தான் ரெண்டு பேர், கூலி குறைந்தாலும் பரவாயில்லை என்று வாக்கியங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு, அப்புறம் மலிவு பேப்பர்பேக் நாவல்கள், டி.வி... பல்ப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. 'பிளாக் மாஸ்க்' 1951-ல் நின்றது.

அதே 1951-ல் ஹாமெட் கோர்ட்டில் நின்றார். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம். அவர் பொறுப்பில் இருந்த ஜாமீன் நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் யார் என்று கேட்டார்கள். பெயர்களைச் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு பெயரையும் அவர் சொல்லவில்லை. ஆறு மாத ஜெயில் தண்டனை. வார்த்தைக்குக் காசு வாங்கிப் பிழைத்த மனிதர், சொல்லாத வார்த்தைக்குக் கொடுத்த விலை அது! 1961-ல் இறந்தார்.

நீங்களும் எழுதுகிற ஆசாமியா? காலேஜ் மேகஸினுக்குக் கதை கேட்டிருக்காங்களா? இன்னிக்கு ராத்திரி ஒண்ணு பண்ணுங்க. எழுதின கதையை எடுத்து, 'சோகமாக', 'கோபமாக', 'அதிர்ச்சியுடன்' எல்லாத்தையும் அடிங்க. அந்த நேரத்தில் அந்த ஆளோட கை என்ன செஞ்சதுன்னு மட்டும் எழுதிப் பாருங்க. பக்கம் குறையும். கதை நிக்குதான்னு அப்புறம் நீங்களே சொல்லுங்க!