கொடுப்பவர் யார்? முடிவு செய்பவர் யார்?

தருமம் செய்தவரின் பெயரைக் கல்லில் பொறிப்பது உலக வழக்கம். அதே தருமம் நிறைவேறும் பொருட்டுத் தங்கள் கூலிக் காசில் மிச்சம் பிடித்துக் கொடுத்த ஏழை ஜனங்களின் பெயரைப் பொறித்த கல்லை நாம் அதிகம் கண்டதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தென் மாகாணங்களில் கறுப்பின மக்களுக்கென எழுந்த பள்ளிக்கூடங்களின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும்.

சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோஸன்வால்ட் 1912-ம் வருஷம் தமது ஐம்பதாவது பிறந்த நாளையொட்டி, புக்கர் வாஷிங்டன் நடத்தி வந்த டஸ்கீஜி கல்வி ஸ்தாபனத்துக்கு 25,000 டாலர் வழங்கினார். அதில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு அலபாமா கிராமங்களில் ஆறு பள்ளிக்கூடங்கள் கட்டலாம் என்ற யோசனை வாஷிங்டனுடையது. அவர் அடிமையாகப் பிறந்தவர். தம் மக்களின் குறையை நேரில் அறிந்தவர். கொடையாளர் அவர் சொல்லுக்குச் செவி சாய்த்தார். அதன் பயனாக 1932-க்குள் 15 மாகாணங்களில் 5,300-க்கு மேற்பட்ட பள்ளிக் கட்டடங்களும், ஆசிரியர் இல்லங்களும், தொழிற்கூடங்களும் தோன்றின.

இக்கட்டடங்களுக்கான மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர். ரோஸன்வால்ட் நிதி கொடுத்தது ஏறக்குறைய 44 லட்சம். கறுப்பின மக்கள் கொடுத்ததோ 47 லட்சத்துக்கு மேல்! வெள்ளையர் நன்கொடை சுமார் 12 லட்சம். எஞ்சிய 1 கோடியே 81 லட்சமும் பொது வரிப் பணம். ஆயினும் அப்பள்ளிகளுக்கு நிலைத்த பெயர் எது? ரோஸன்வால்ட் பள்ளிகள் என்பதே.

பொது வரிப் பணத்திலும் கறுப்பரின் வரி அடங்கியிருந்தது. அவர்களுடைய வாக்குரிமையோ பறிக்கப்பட்டிருந்தது. வெள்ளையரைக் கொண்ட கல்விச் சபைகள் அவர்கள் குழந்தைகளுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பங்கைக் கொடுக்கவில்லை. ஆதலால் வரியாக ஒரு முறையும் நன்கொடையாக மறுமுறையும் அவர்கள் கொடுக்க நேர்ந்தது. இவ்வளவும் கொடுத்த பின்னர், நிலத்தையும் கட்டடத்தையும் அச்சபைகளின் பெயருக்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பசுவைக் கொன்று செருப்பைத் தானம் செய்த கதையை அச்சபைகள் நமக்கு நினைவூட்டுகின்றன.

ரோஸன்வால்டை நாம் குறை கூற வரவில்லை. நிதி என்றென்றும் வளர்ந்து கொண்டிருத்தல் தகாது, செலவழிந்து தீர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவ்வண்ணமே 1948-ல் அந்நிதி முற்றுப்பெற்றது. ஆனால் 1920-ல் பள்ளிக்கூட வேலையின் நிர்வாகம் டஸ்கீஜியிலிருந்து நாஷ்வில் நகருக்கு மாற்றப்பட்டு, வெள்ளையர் ஒருவரின் பொறுப்பில் வைக்கப்பட்டது. நிர்வாகக் குறைகளை நீக்குவதற்கென்று காரணம் கூறப்பட்டது. குறைகள் இருந்தால் திருத்த வேண்டியதுதான். அதற்காக, யாருக்கென்று வேலை நடக்கிறதோ அவர்கள் கையிலிருந்து அதை வாங்கிவிடுவதா திருத்தம்?

இக்கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. அட்லாண்டா நகரில் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்னும் ஸ்தாபனத்தார், கறுப்பினப் பெண்கள் நடத்தும் சிறு தொழில்களுக்குத் தலா 20,000 டாலர் வழங்கி வந்தனர். 2023-ல் அவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. விடுதலையடைந்த அடிமைகளைக் காக்கும் பொருட்டு இயற்றிய 1866-ம் வருஷத்துச் சட்டமே அவர்களுக்கு எதிராக எடுத்துக் காட்டப்பட்டது! 2024 ஜூனில் அப்பீல் நீதிபதிகள் மூவரில் இருவர் அந்நன்கொடைக்குத் தடை விதிக்க இசைந்தனர். செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டு அத்திட்டம் மூடப்பட்டது. சட்டத்தின் சொல் யாவருக்கும் பொதுவாக இருப்பது முறையே என்பர் சிலர். ஆனால் அச்சொல் எந்தப் புண்ணுக்கு மருந்தாகப் பிறந்ததோ, அந்தப் புண் ஆறிவிட்டதா என்று பார்ப்பதும் நியாயத்தின் கடமையல்லவா?

எனினும் கொடையாளருக்கு வழி அடைபட்டுவிடவில்லை. பெறுவோரை ஆலோசனைச் சபையில் அமர்த்துவதையும், அவர்கள் குறையை அவர்கள் வாயாலேயே கேட்பதையும் அத்தீர்ப்பு தடுக்கவில்லை. 2020-ல் மெக்கென்ஸி ஸ்காட் அம்மையார் கறுப்பின மக்களுக்கென நிறுவப்பட்ட கல்லூரிகள் பலவற்றுக்குப் பெருந்தொகைகள் வழங்கினார். டெக்ஸாஸிலுள்ள ப்ரெய்ரி வியூ சர்வகலாசாலைக்கு மட்டும் 5 கோடி டாலர். எப்படிச் செலவிடுவது என்பதை அவற்றின் முடிவுக்கே விட்டார். 1912-ல் வாஷிங்டனுக்குச் செவி சாய்த்த நல்லறிவின் தொடர்ச்சி என்றே இதனை நாம் கருதுகிறோம்.

பணம் ஒருவரிடமும் பசி மற்றொருவரிடமும் இருக்கலாம். பசியின் அளவை அறிந்தவர் பசித்தவரே. அவரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே நடத்தும் ஆலோசனை, எவ்வளவு பெரிய தொகையைப் பற்றியதானாலும், பாதித் தருமமே ஆகும்.