வயலில் விபத்தா? மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

காரைக்கால் பகுதியில் சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் நெல் தரிசில் பருத்தி பயிரிடப்படுகிறது. அறுவடையில் அரிவாள் வெட்டு, வரப்பில் பாம்புக்கடி, பருத்திக்குத் தெளிக்கையில் பூச்சிமருந்து நச்சு என விபத்துகள் நேரிடுவதுண்டு. அப்போது மருத்துவமனைக்கு விரைந்து செல்வது எவ்வளவு அவசியமோ, நடந்ததை அங்கு தெளிவாகச் சொல்வதும் அவ்வளவு அவசியம். காயத்தை மருத்துவர் பார்க்கலாம். வயலில் நடந்ததை அறிந்தவர்கள் விவசாயியும் உடனிருந்தவர்களுமே.

பூச்சிமருந்து நச்சு

"மருந்து அடித்தார், மயங்கி விழுந்தார்" என்று மட்டும் சொன்னால் போதாது. மருந்துக்கு மருந்து சிகிச்சை மாறும். குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகளின் நச்சுக்கு அட்ரோபின் ஊசி போடப்படுகிறது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு அது முறிவாகாது. பாராகுவாட் நச்சுக்கு ஆளானவருக்குத் தேவையின்றி ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் மேலும் கெடும்.

மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் 2017 ஆம் ஆண்டு பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கு பலர் இரண்டு, மூன்று மருந்துகளைக் கலந்து தெளித்திருந்தனர். இவ்வாறு கலந்தால், எது பாதித்தது என்று கண்டறிவது மருத்துவருக்குக் கடினம். எனவே கலந்த மருந்துகள் அனைத்தின் பெயரையும் சொல்ல வேண்டும். டப்பாக்களை மூடி, பாலிதீன் பையிலிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். முறிவு மருந்து விவரம் டப்பாவுடன் வரும் துண்டுப் பிரசுரத்தில் இருக்கும். மருந்து தோலில் பட்டதா, மூச்சில் சென்றதா, வாயில் சென்றதா என்றும் சொல்ல வேண்டும்.

போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சி எதையும் மறைக்கக் கூடாது. போலீஸ் நடைமுறைகளுக்குக் காத்திராமல் முதலில் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989 ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது.

பாம்புக்கடி

பாம்பைத் தேடி அடித்துக் கொண்டு செல்ல வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திற்கும் ஒரே முறிவு மருந்துதான் கொடுக்கப்படுகிறது. கடித்த நேரம், கடிபட்ட இடம், கண் இமை சொருகுதல், வயிற்றுவலி, ஈறில் இரத்தக் கசிவு போன்றவை எப்போது தொடங்கின என்பதே முக்கியம். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது. தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலியுடன் எழுந்தால் அதையும் சொல்ல வேண்டும். இறுகக் கட்டியிருந்தாலும், கீறியிருந்தாலும், பச்சிலை கொடுத்திருந்தாலும் மறைக்கக் கூடாது.

வெட்டுக் காயம்

காயத்தில் சேறு, சாணம் பட்டதா, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது, சர்க்கரை நோய் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த மருந்தாவது ஒவ்வாததா ஆகிய விவரங்களைக் கேட்காமலே சொல்ல வேண்டும்.

சொல்லும் முறை

நடந்ததை நேரில் கண்டவர் ஒருவரே பேசுவது நல்லது. பலர் பேசினால் குழப்பமே மிஞ்சும். "ஐயா, காலை 8 மணி முதல் 11 வரை பருத்திக்கு அடித்தார். 11½ மணிக்கு வாந்தி எடுத்தார், வேர்த்துக் கொட்டியது. துணியை மாற்றி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினோம். இதுதான் டப்பா. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்." இவ்வளவு போதும். மருத்துவர் சொல்வது புரியாவிட்டால் மீண்டும் கேட்கத் தயங்க வேண்டாம். வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால், போட்ட ஊசியும் நேரமும் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிக் கொள்ள வேண்டும்.

வீட்டிலுள்ளோரின் நோய்களையும் சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டுடன் வைத்திருக்கலாம். அவசரத்திற்கு 108 ஐ அழைக்கலாம். தெளிப்பு நாளில் மருந்து டப்பாவை வரப்பில் எறிந்துவிடாமல் பத்திரப்படுத்துங்கள். ஆபத்து நேரத்தில் அதுவே உயிர் காக்கும்.