அலையின் உயரம் வந்த வழி

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது வீராம்பட்டினம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த மீனவர் ஊரின் ஒலிபெருக்கிகள் ஒரு செய்தி சொல்லும்: கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்று. கடலுக்குப் போகிறவர்கள் கரையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

அந்த எண் வந்தது அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் தொடங்கிய திட்டம்தான் அதை ஊருக்குக் கொண்டுவந்தது. வில்லியனூர் மையத்தில் தகவலை இறக்கி, ஊர்களுக்கு வி.எச்.எஃப். வயர்லெஸ் வழியே அனுப்பினார்கள். கிராமத்துத் தொலைபேசிக் கம்பிகளை நம்ப முடியாத காலம். குரலும் கணினித் தகவலும் அந்த ஒரே வயர்லெஸ்ஸில் போயின.

அமெரிக்காவிலிருந்து வில்லியனூர் வரை அந்த எண் எப்படி வழி கண்டுபிடித்தது என்பதுதான் எனக்கு இன்றும் தீராத வியப்பு.

இணையத்தில் எந்தச் செய்தியும் சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே கிளம்பும். ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி. வழியில் நிற்கும் ரவுட்டர் முகவரியைப் பார்த்து, அடுத்து எந்தப் பக்கம் தள்ளுவது என்று மட்டும் முடிவு செய்யும். முழு வழியும் அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மாலை 6 மணிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளைத் தடுத்துவிடுவார்கள். ஆட்டோக்காரர் அதற்காக ஊர் வரைபடத்தைத் தேடுவதில்லை. பக்கத்துத் தெருவில் திருப்புகிறார்; மிச்சத்தை அடுத்த முனையில் பார்த்துக்கொள்கிறார். பொட்டலங்களும் அப்படித்தான் போகின்றன. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், ஒன்று தொலைந்தே போகும். ரவுட்டர் அதைத் தேடாது. வந்தவற்றை வரிசை எண்படி அடுக்குவது பெறும் கணினியின் வேலை. வந்து சேர்ந்ததாகப் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புவது அனுப்பிய கணினியின் வேலை. இந்த உடன்பாட்டுக்குப் பெயர்தான் டி.சி.பி.

நடுவில் இருப்பவை பொறுப்பேற்க வேண்டாம், இரு முனைகளும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அன்று துணிச்சலான எண்ணம். தொலைபேசித் துறையினருக்கு அது பொறுப்பற்ற பேச்சாகப் பட்டது. அதைச் செய்து காட்டியவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர். 1970-களில் அவர் அமைத்த வலையமைப்பு 'சிக்லாத்'. பிரெஞ்சு அரசு அதற்குப் பணத்தை நிறுத்திவிட்டது. ஆனால், விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் வகுத்த இணைய நெறிமுறையில் அவருடைய எண்ணம் உயிரோடு இருந்தது. 2013-இல் எலிசபெத் அரசியார் பொறியியல் பரிசு இவர்களுடன் பூசானுக்கும் கிடைத்தது. பிரெஞ்சுத் தெருப்பலகைகளைப் பெருமையோடு காப்பாற்றும் புதுச்சேரியில் இந்தப் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால், முகவரி மட்டும் பார்க்கும் ரவுட்டர் திருடனின் பொட்டலத்தையும் அதே அக்கறையோடு கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே பூட்டும் முனையில்தான் இருக்க வேண்டும். வங்கித் தளத்தின் முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கினால், நடுவழியில் யாரும் படிக்க முடியாதபடி உங்கள் கணினியே செய்தியைக் குலைத்து அனுப்புகிறது. வீட்டு மூலையில் விளக்கு மினுக்கும் ரவுட்டரைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 2016-இல் 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தை மட்டும் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, அப்படிப் பிடிபட்ட கருவிகளின் தாக்குதலால் அமெரிக்காவில் ட்விட்டர் உட்படப் பல தளங்கள் பல மணி நேரம் திணறின. கருவிகளின் சொந்தக்காரர்கள் பலருக்கு எதுவுமே தெரியாது.

உங்கள் ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். அமைப்புப் பக்கத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. இரண்டையும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.